'ஓப்பன்' என்றொரு பொத்தான்

"மெயில்ல வந்த ஃபைலை அப்படியே ஓப்பன் பண்ணித் திருத்தாதீங்க. முதல்ல சேவ் பண்ணிக்கோங்க." அலுவலக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் நாலைந்து அறிவுரைகளில் இது ஒன்று. அறிவுரையில் தப்பில்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே படிக்கட்டில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் ஒருகட்டத்தில் படியை அளந்து பார்க்க வேண்டும் அல்லவா?

இந்தக் குறிப்பு அந்தப் படியைப் பற்றியது. அதிலும் முக்கியமாக மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கைப் பற்றியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் அலுவலக அறைகளில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான்.

முதலில் அந்தப் பொத்தான் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். மெயிலோடு ஒரு ஃபைலைச் சேர்த்து அனுப்பும் இன்றைய முறை 1992-இல் வந்தது. நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் எழுதிய 'மைம்' தரக்குறிப்பு அந்த ஆண்டு ஜூனில் வெளியானது. அதற்கு மூன்று மாதம் முன்னால், மார்ச் 11 அன்று, போரன்ஸ்டைன் அனுப்பிய சோதனை மெயிலில் ஒரு புகைப்படமும், அவர் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் ஒலிப்பதிவும் இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, இணைப்பு என்பது மெயிலோடு கட்டி அனுப்பிய தனிப் பொட்டலம் கிடையாது. மெயில் என்பது வெறும் எழுத்துகளின் வரிசை. எக்செல் ஷீட்டையும் எழுத்துகளாக மாற்றி, அதே கடிதத்துக்குள் எழுதிவிடுகிறார்கள். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கு. அதனால்தான் 3 எம்பி ஃபைல் மெயிலுக்குள் போனதும் 4 எம்பி ஆகி, "சைஸ் அதிகம்" என்று திரும்பி வருகிறது.

ஆகவே மெயிலுக்குள் ஃபைல் என்று ஒன்று இல்லை. ஃபைலின் எழுத்து வடிவம்தான் இருக்கிறது. நீங்கள் 'ஓப்பன்' என்று அழுத்தினால், அவுட்லுக் அந்த எழுத்துகளை மறுபடி ஃபைலாக மாற்றி, விண்டோஸுக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் ஒரு நகலைப் போட்டு, அந்த நகலை எக்செலிடம் கொடுக்கிறது. அந்த ஃபோல்டருக்கு வாயில் நுழையாத எட்டு எழுத்துப் பெயர். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். இடம் எது என்று வைரஸ் எழுதுகிறவனுக்கு ஊகிக்க முடியக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் திருடனுக்குத் தெரியக் கூடாது என்று ஒளித்த இடம் வீட்டுக்காரருக்கும் தெரியாமல் போயிற்று.

இந்த நிலையில் நீங்கள் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து திருத்தி, கன்ட்ரோல்-எஸ் அடிக்கிறீர்கள். எக்செல் உண்மையாகவே சேவ் செய்கிறது. பொய் சொல்லவில்லை. அந்த ஒளித்த ஃபோல்டரில் இருக்கும் நகல் மாறுகிறது. மெயிலுக்குள் இருப்பது மாறவில்லை. எக்செலுக்கு அது மெயிலிலிருந்து பிறந்த நகல் என்ற கவலை இல்லை. அவுட்லுக்குக்கு எக்செலில் நடக்கும் வேலையைப் பற்றிய கவலை இல்லை. மெயிலையும் அவுட்லுக்கையும் மூடும்போது தற்காலிக நகல் துடைத்தெடுக்கப்படும். எக்செல் திறந்திருக்கும்போதே அவுட்லுக்கை மூடிவிட்டால், சில சமயம் அது துடைபடாமல் அங்கேயே தங்கிவிடும். அதாவது உங்கள் உழைப்பு மிஞ்சுமா என்பது எந்த ஜன்னலை முதலில் மூடினீர்கள் என்பதைப் பொறுத்தது!

பழைய அவுட்லுக்கில் இன்னொரு விளையாட்டும் உண்டு. மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து, அதிலிருந்து இணைப்பைத் திறந்து திருத்தினால், மெயிலை மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்கும். ஆம் என்றால் திருத்தம் மெயிலுக்குள்ளேயே போய் உட்காரும். இப்படிச் சில தடவை வேலை செய்து பார்த்தவருக்கு, எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று மனதில் பதிந்துவிடும். பிறகு வந்த பதிப்புகளில் இணைப்பு 'படிக்க மட்டும்' என்று திறந்தது. சேவ் அடித்தால் வேறு பெயர் கொடு என்றது. சரி, கொடுக்கலாம் என்று போனால் சில நேரம் அது முதலில் காட்டும் இடமே அந்த ஒளித்த ஃபோல்டர்தான். பெயரை மாற்றி, அதே குழிக்குள் நிம்மதியாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

2010 ஆஃபீஸில் மஞ்சள் பட்டை வந்தது. இணையத்திலிருந்து வந்த ஃபைல், ஆபத்து இருக்கலாம், திருத்த வேண்டுமானால் இந்தப் பொத்தானை அழுத்து என்கிறது. எனக்கு இந்தப் பட்டை மீது தனிக் கோபம். வெளியிலிருந்து உள்ளே வரும் ஆபத்தைச் சொல்ல இடம் கிடைத்தது. உள்ளே செய்யும் வேலை எங்கே போகும் என்று சொல்ல அதே பட்டையில் ஒரு வரி கிடைக்கவில்லை. எச்சரிக்கும் பொறுப்பு தனக்கு உண்டு என்று மென்பொருள் ஒப்புக்கொண்ட இடத்திலேயே, பாதியை விட்டுவிட்டது.

தொழிற்பேட்டையில் மட்டும் இது ஏன் கூடுதலாக வலிக்கிறது? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்து, 2014 நவம்பரில் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010, டைம்லர் லாரிகள் 2012, ராயல் என்ஃபீல்ட் 2013. பெயர்ப்பலகை பெரிதாகத் தெரிவது இவர்களுக்குத்தான். இவர்களுக்குக் கீழே உதிரிபாகம் கொடுப்பவர், அவருக்குப் பிளாஸ்டிக் வார்ப்பு செய்து கொடுப்பவர், அவருக்கு முலாம் பூசிக் கொடுப்பவர் என்று அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான கம்பெனிகள். மேல் அடுக்கில் போர்ட்டல், சாப் என்று முறையான ஏற்பாடு இருக்கும். இரண்டு படி கீழே இறங்கினால் எல்லாமே மெயிலில் வரும் எக்செல்தான். நாளைக்கு எத்தனை பீஸ் வேண்டும் என்ற ஷெட்யூல், கன்ட்ரோல் பிளான், ஆய்வு அறிக்கை, புதுப் பாகத்துக்கு ஒப்புதல் கேட்கும் பிபிஏபி கோப்பு (அதில் மட்டும் 18 அங்கம்), ஆள் வருகைக் கணக்கு, எல்லாம்.

இந்த ஃபைல்களுக்கு ஒரு குணம் உண்டு. இவை படிப்பதற்காக வருபவை அல்ல, நிரப்பித் திருப்பி அனுப்புவதற்காக வருபவை. 8டி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தில் குறை என்றால் வாடிக்கையாளர் கம்பெனி கேட்கும் எட்டுப் படி விளக்கம். ஃபோர்டு 1987-இல் கையேடாகப் போட்டுப் பரப்பியது. (மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றது, அந்தப் படிவம் நிற்கவில்லை.) முதல் மூன்று கட்டத்தை உடனே நிரப்பி அனுப்ப வேண்டும். காரணம் கண்டுபிடித்த பிறகு நாலாவது. அப்புறம் நடவடிக்கை. ஒரே ஃபைல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாலைந்து தடவை போய் வரும். ஒவ்வொரு தடவையும் 'ரீ', 'ரீ', 'எஃப்டபிள்யூ'. ஃபைல் பெயர் மட்டும் மாறாது. பழைய அவுட்லுக்குகளில் ஒரே பெயருள்ள இணைப்பைத் திரும்பத் திரும்பத் திறந்தால் தற்காலிக ஃபோல்டரில் (1), (2) என்று எண் ஏறி, 99-க்கு மேல் "ஃபைல் உருவாக்க முடியவில்லை" என்று நின்றுவிடும். தினமும் 'டெய்லி பிளான்' என்ற பெயரிலேயே ஷெட்யூல் வரும் இடத்தில் அந்த எண் எட்டாத எண் ஒன்றும் இல்லை.

இதே கம்பெனிகள் மற்ற விஷயங்களில் அசல், நகல் பற்றி எவ்வளவு கறாராக இருக்கின்றன என்று பார்த்தால்தான் வேடிக்கை புரியும். மெஷின் பக்கத்தில் தொங்கும் டிராயிங்கில் 'கன்ட்ரோல்ட் காப்பி' என்று முத்திரை இருக்க வேண்டும். ரிவிஷன் மாறினால் பழைய தாளைத் திரும்ப வாங்கி, 'அப்சலீட்' குத்தி, எத்தனை நகல் கொடுத்தோமோ அத்தனையும் வந்ததா என்று எண்ணுவார்கள். ஆடிட்டர் வந்து முத்திரை இல்லாத தாளைப் பார்த்துவிட்டால் போச்சு. பொருள் வெளியே போவதிலும் அப்படியே. கேட் பாஸில் திரும்பி வரக்கூடியது, வராதது என்று இரண்டு வகை. முலாம் பூச அனுப்பிய இரும்புத் துண்டு ஜாப் ஒர்க் சலானில் போகும். ஜிஎஸ்டி சட்டப்படி அது ஒரு வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. ஒரு வாஷருக்கு இவ்வளவு கணக்கு. அந்த வாஷரின் அளவை எழுதிய எக்செல் ஷீட்டின் எந்த நகலில் யார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மட்டும் சலானும் கிடையாது, முத்திரையும் கிடையாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். உதிரிபாகக் கம்பெனி ஒன்று, பெயர் வேண்டாம். வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது டைம் ஆபீஸில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் ஓவர்டைம் கணக்கை ஒப்பந்ததாரர் எக்செலில் மெயில் அனுப்புவார். டைம் ஆபீஸ் பையன் அதைப் பஞ்சிங் பதிவோடு ஒத்துப் பார்த்துத் திருத்தி, சம்பளப் பிரிவுக்கு ஃபார்வர்ட் செய்வார். அந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒப்பந்ததாரர் ஷீட்டில் விட்டுப்போயிருந்தது. பையன் கண்டுபிடித்து, ஒவ்வொரு பெயராக ஏற்றி, சேவ் பண்ணி, மூடி, அதே மெயிலை ஃபார்வர்ட் பண்ணிவிட்டார்.

ஃபார்வர்டில் போனது எது? மெயிலுக்குள் இருந்தது. அதாவது ஒப்பந்ததாரர் அனுப்பிய அதே பழைய ஷீட். திருத்தியது காணாமல் போவதைவிட இது மோசம். காணாமல் போனால் தேடுவோம். இங்கே திருத்தியவர் திருத்தியதை அனுப்பிவிட்டதாக நம்புகிறார், வாங்கியவர் சரிபார்த்தது வந்துவிட்டதாக நம்புகிறார். அனுப்பிய மெயில் பட்டியலில் ஃபைல் பெயர்கூடச் சரியாகவே இருக்கிறது. பிசகு தெரிந்தது சம்பளத்தன்று, "ரெண்டு சண்டே ஓ.டி. எங்கண்ணா?" என்று தொழிலாளர்கள் வந்து நின்றபோதுதான். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். இரண்டு ஞாயிறு என்பது அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

"சேவ் பண்ணினேன் சார். சத்தியமா சேவ் பண்ணினேன்."

"பண்ணியிருந்தா எங்கப்பா போச்சு?"

இருவர் சொன்னதும் நியாயம்தான். நிலுவையை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுப்பதாக முடிவானது. அதற்குள் வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்களின் பங்கு என்னவாகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் அங்கே எனக்கு இல்லை. பையனுக்கு மெமோ. காரணம்: கவனக்குறைவு.

இங்கேதான் எனக்குப் பெரிய ஆட்சேபம். அதே கம்பெனி, அதே கட்டடம். ஐம்பது அடி தள்ளி அசெம்பிளி லைனில் ஒருவர் ஒரு ஸ்பிரிங்கைப் போட மறந்து, அந்தப் பாகம் வாடிக்கையாளரிடம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 8டி அறிக்கையில் மூலகாரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதி அனுப்பினால், வாடிக்கையாளர் தரப்பு அதை ஏற்றுக்கொள்ளாது. ஏன் மறக்க முடிந்தது, மறந்தது ஏன் தெரியவில்லை என்று ஐந்து 'ஏன்' கேட்பார்கள். 'ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று தீர்வு எழுதினால், போகா-யோகே எங்கே என்பார்கள்.

அந்தச் சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. ஷிகேயோ ஷிங்கோ 1961-இல் ஜப்பானில் யமாடா எலக்ட்ரிக் என்ற ஆலையில் பார்த்த பிரச்சினையும் ஸ்பிரிங்தான். ஒரு சுவிட்சுக்குள் இரண்டு குட்டி ஸ்பிரிங் வைக்க வேண்டும். எப்போதாவது ஒன்று விட்டுப்போகும். கவனமாக இரு, கவனமாக இரு என்று சொல்லிப் பார்த்தும் நிற்கவில்லை. ஷிங்கோ செய்தது ஒன்றே ஒன்று. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வை, பிறகு அதிலிருந்து எடுத்துப் பொருத்து. வேலை முடிந்தும் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்தாயிற்று என்று கண்ணுக்கே தெரியும். இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முதலில் 'பாகா-யோகே' என்று பெயர் வைத்திருந்தார்கள். முட்டாளுக்கும் பிசகாதது என்று அர்த்தம். 1963-இல் வேறோர் ஆலையில், நான் அவ்வளவு முட்டாளா என்று ஒரு தொழிலாளி அழுதுவிட்டாராம். அதன் பிறகு 'போகா-யோகே' ஆனது, கைப்பிசகைத் தடுப்பது.

லைனில் நிற்பவருக்கு அறுபது வருஷத்துக்கு முன்னால் கிடைத்த இந்த மரியாதை, டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. "முதல்ல சேவ் பண்ணு, அப்புறம் எடிட் பண்ணு" என்பது, எட்டுப் படி அறிக்கையின் மொழியில் சொன்னால், பயிற்சி அளிக்கப்பட்டது என்ற பதில். தொழிற்சாலையின் ஒரு பாதியில் செல்லாத பதில் மறுபாதியில் மட்டும் எப்படிச் செல்லும்?

தட்டு வைக்க முடியாத இடமா இது? இல்லவே இல்லை. வைத்துக் காட்டியிருக்கிறார்கள். லோட்டஸ் நோட்ஸில் இணைப்பை அழுத்தினால் பார், திற, திருத்து என்று மூன்று தனித்தனி வழி இருந்தது. பயன்படுத்தியவர்கள் அந்த மென்பொருளை ஊர்பட்ட குறை சொல்வார்கள். நானும் மறுக்க மாட்டேன். ஆனால் பார்ப்பது வேறு, திருத்துவது வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவுட்லுக்கின் பிரவுசர் வடிவத்தில் 'திருத்திப் பதில் அனுப்பு' என்று ஒரு வழி வந்தது. அழுத்தினால் இணைப்பின் நகல் ஒருபுறம் திருத்தத் தயாராகத் திறக்கும், மறுபுறம் அந்த நகலோடு பதில் மெயில் தயாராக நிற்கும். 2020 டிசம்பரில் ஜிமெயிலும் அந்த வழிக்கு வந்தது. எக்செல், வேர்ட் இணைப்புகளை மெயிலிலிருந்தே அதே வடிவத்தில் திறந்து திருத்தலாம், திருத்தியதை அதே உரையாடலில் பதிலாக அனுப்பலாம். நகல் உங்கள் டிரைவில் பெயரோடு இருக்கும்.

'திருத்திப் பதில் அனுப்பு' என்பதைத்தான் நான் இருப்பதிலேயே நேர்மையான பொத்தான் என்பேன். வந்த கடிதம் வந்தபடியே இருக்கிறது. உங்கள் வேலை புதுக் கடிதத்தில் போகிறது. டைம் ஆபீஸ் பையன் கையில் அது இருந்திருந்தால் பழைய ஷீட் சம்பளப் பிரிவுக்குப் போயிருக்க வழி மிகக் குறைவு.

சரி, பழைய அவுட்லுக் மாதிரி திருத்தத்தை மெயிலுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன, அதுதானே எல்லோரும் எதிர்பார்ப்பது என்று கேட்கலாம். டெஸ்க்டாப் அவுட்லுக்கில் மெயிலைத் திறந்து, மெனுவைத் தோண்டி, 'எடிட் மெசேஜ்' என்பதைப் பிடித்தால் இப்போதும் அதைச் செய்யலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அனுப்பியவர் பெயர், அனுப்பிய நேரம் எல்லாம் அப்படியே மேலே இருக்க, உள்ளே இருக்கும் ஷீட் மட்டும் உங்களுடையதாகிவிடும். உறையில் அவர் கையெழுத்து, உள்ளே உங்கள் கடிதம். டிராயிங் எந்த ரிவிஷன் கொடுத்தீர்கள், ஷெட்யூலில் எத்தனை பீஸ் கேட்டீர்கள் என்று டெபிட் நோட் சண்டை வரும்போது, வெண்டரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பழைய மெயில்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கும்போது அதன் ஹாஷ் மதிப்பைச் சான்றிதழில் எழுதச் சொல்கிறது. ஒரு செல்லை மாற்றினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். வந்த மெயிலுக்குள் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம்கூட உங்கள் ஆதாரத்தை நீங்களே கலைத்ததாகிவிடலாம். அதனால் 'மெயிலுக்குள்ளேயே திருத்து' என்ற ஆசையை அப்படியே நிறைவேற்றுவது தீர்வு ஆகாது. ஆசைப்படுவது சுலபமான வழிக்கு. அதைக் கொடுத்தால் போதும்.

இன்னொரு பதில் ஐடி ஆட்களிடம் தயாராக இருக்கும். "இணைப்பே அனுப்பாதீங்க சார், லிங்க் அனுப்புங்க." ஒரே கம்பெனிக்குள் என்றால் அருமையான யோசனை. ஆனால் இந்தச் சாலையில் ஃபைல் கம்பெனிவிட்டுக் கம்பெனி போகிறது. பெரிய கம்பெனியின் லிங்கை மூன்றாம் அடுக்கு வெண்டர் திறக்க வேண்டுமென்றால் லாகின் வேண்டும், அனுமதி வேண்டும், அனுமதி கொடுப்பவர் லீவில் இல்லாமல் இருக்க வேண்டும். அதோடு, லிங்க் அனுப்பியவர் நினைத்தால் உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வந்த மெயிலில் அது முடியாது. சின்னக் கம்பெனிகள் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பழமைவாதம் என்று சிரிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

இதைப் படிக்கும்போதே யாருக்காவது ஒரு ஷீட் தொலைந்துபோயிருந்தால்: அவுட்லுக்கை மூடாதீர்கள். எக்செலைத் திறந்து, சமீபத்திய ஃபைல்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அதன் கீழே சாம்பல் நிறத்தில் தெரியும் பாதையில் 'கன்டென்ட்.அவுட்லுக்' என்று இருந்தால், அதுதான் அந்த ஒளித்த ஃபோல்டர். திறந்தால் உங்கள் திருத்தம் இன்னும் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தால் டெஸ்க்டாப்பில் வேறு பெயரில் போட்டுக்கொண்டு, ஃபார்வர்டில் தானாக ஏறிக்கொள்ளும் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, இதை இணைத்து அனுப்புங்கள்.